சாட்டோநெஃப்-து-பாப் ரெட் ஒயின் ஏன் இவ்வளவு கனமாக இருக்கிறது?

வெயிலும் திராட்சை வகையும்தான் முக்கியக் காரணம். தென் பிரான்சில், அவிஞ்ஞோன் நகருக்கு வடக்கே ரோன் ஆற்றை ஒட்டிய பகுதி அது. அங்கே அதிகம் பயிராவது கிரெனாஷ் என்ற கருந்திராட்சை. நன்றாகப் பழுத்தால் சர்க்கரை ஏறும்; நொதித்ததும் ஆல்கஹால் 14 சதவீதத்தைச் சுலபமாகத் தாண்டிவிடும். பல தோட்டங்களில் மண்ணே தெரியாது, உருண்டைக் கூழாங்கற்கள்தான். பகல் வெப்பத்தை வாங்கி வைத்து இரவில் விடும். மிஸ்ட்ரல் என்ற வறண்ட வடகாற்று கொடிகளில் ஈரம் தங்கவிடாது.

சுவையில் பழுத்த ஸ்ட்ராபெரி, மிளகு, காட்டு மூலிகை. சிரா, மூர்வேத்ர் திராட்சைகள் கலந்தால் நிறமும் துவர்ப்பும் கூடும். நல்ல பாட்டில் என்றால் சில வருடம் வைத்திருந்து திறப்பதே என் கட்சி; இளசாகக் குடித்தால் ஆல்கஹால்தான் முன்னால் நிற்கும்.