ஏற்றுமதிக் கடன்: அரசு எவ்வளவு இறங்கி வரலாம்?

கேள்வி: தன் நாட்டு இயந்திரம் விற்க வேண்டும் என்பதற்காக, வாங்கும் வெளிநாட்டுக்காரருக்கு ஓர் அரசு அடிமாட்டு வட்டியில் கடன் கொடுத்தால் தட்டிக்கேட்க ஆளில்லையா?

பதில்: உண்டு, ஆனால் சுற்றுவழியில். 1978-ல் ஓ.இ.சி.டி. (பெரும்பாலும் பணக்கார நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு) நாடுகள் சில தங்களுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. கனவான்கள் ஒப்பந்தம்தான், மீறினால் தண்டிக்க அதில் இடமில்லை. இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் போகும் கடன்களுக்கே அது பொருந்தும். ஆயுதங்களும் வேளாண் விளைபொருட்களும் அதில் சேரா.

10 கோடி டாலர் ஒப்பந்தம் என்றால், 1.5 கோடியை வாங்குபவர் முன்பணமாகக் கட்டியாக வேண்டும். அரசு ஆதரவு 8.5 கோடியைத் தாண்டக் கூடாது. கடன் திரும்பாமல் போகும் ஆபத்துக்கான காப்பீட்டுப் பிரீமியத்தை மட்டும் முழுவதுமாகக் கடனில் சேர்க்கலாம். அரசு தரும் நிலையான வட்டிக்கு சி.ஐ.ஆர்.ஆர். என்ற அடிமட்ட விகிதம் உண்டு. நாணயத்துக்கு நாணயம் வேறுபடும், மாதாமாதம் மாறும். கடன் டாலரில் இருக்க, உள்ளூர் வங்கி வட்டியை வைத்து 'மலிவு' என்று குறை சொல்வது இதனால்தான் எடுபடுவதில்லை. திருப்பிச் செலுத்தும் காலத்தை 2023 ஜூலையில் 15 ஆண்டு வரை நீட்டினார்கள். பருவநிலைக்கு உகந்த திட்டங்களுக்கு 22.

கேள்வி: கையெழுத்திடாத நாடுகளுக்கு என்ன கவலை?

பதில்: பிரேசிலைக் கேளுங்கள். அந்நாட்டு நிறுவனமான எம்ப்ரேயரின் விமானம் வாங்கியவர்களின் வட்டியில் 3.8 சதவீதப் புள்ளி வரை 'ப்ரோஎக்ஸ்' திட்டத்தில் அரசே ஏற்றது. போட்டி நிறுவனமான தன் பம்பார்டியருக்காகக் கனடா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. 'எங்கள் நாட்டில் கடன் விலை அதிகம், அதைச் சமன் செய்கிறோம்' என்ற பிரேசிலின் வாதம் நிற்கவில்லை. காரணம், உலக வர்த்தக அமைப்பின் மானிய ஒப்பந்தத்தில் முதல் இணைப்பின் 'கே' பிரிவு. அரசு தான் பணம் திரட்டும் செலவுக்குக் குறைவான வட்டியில் தரும் ஏற்றுமதிக் கடனைத் தடைசெய்யும் அதே பிரிவு, ஓ.இ.சி.டி. ஏற்பாட்டின் வட்டி விதிகளைப் பின்பற்றினால் விலக்கும் தருகிறது. கனவான்கள் ஒப்பந்தத்துக்குப் பல் முளைத்தது இங்கேதான். 1999-ல் பிரேசில் தோற்றது. 2000-ல் ஆண்டுக்கு 34.42 கோடி கனடிய டாலர் அளவுக்குப் பதில் நடவடிக்கை எடுக்கக் கனடாவுக்கு அனுமதி கிடைத்தது. நிகர வட்டி சி.ஐ.ஆர்.ஆருக்குக் கீழே போகாது எனத் திட்டத்தைத் திருத்திய பிறகே 2001-ல் பிரேசில் தப்பியது. வழக்குப் போட்ட கனடாவும் அடுத்த ஆண்டே இதே குற்றத்தில் சிக்கியது வேறு கதை.

கேள்வி: 90 நாள் தவணையில் ஆடை அனுப்புகிறேன். என் இ.சி.ஜி.சி. (இந்திய அரசின் ஏற்றுமதிக் கடன் காப்பீட்டு நிறுவனம்) பாலிசிக்கு இதனால் சிக்கல் வருமா?

பதில்: ஓ.இ.சி.டி. ஏற்பாட்டால் வராது. இந்தியா அதில் இல்லை. இருந்தாலும் 90 நாள் கடன் அதற்குள் வராது. உலக வர்த்தக அமைப்பின் அதே இணைப்பில் உள்ள 'ஜே' பிரிவு மட்டும் பொருந்தும்: நீண்ட கால நோக்கில் பிரீமியம் வருமானம் நிர்வாகச் செலவையும் இழப்பீடுகளையும் ஈடுகட்ட வேண்டும். அந்தக் கணக்கு இ.சி.ஜி.சி.யின் பொறுப்பு. மானியம் என்று சொல்லி, இறக்குமதி செய்யும் நாடு எதிரீட்டு வரி (மானியத்தின் பலனை ஈடுகட்டும் கூடுதல் சுங்க வரி) போட்டால்தான் அது உங்கள் சரக்கைத் தொடும்.