பாடகர் குழுவில் இரண்டாம் இடத்தை மனதார ஏற்பது எப்படி?

கிருஷ்ணகிரியில் ஒரு கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் பல வருடம் பாடகர் குழுவை நடத்தியவரின் கேள்வி இது: பொறுப்பு இளையவரிடம் போய்விட்டது, மனம் ஒப்பவில்லை.

விவிலியத்தில், தொடக்கத் திருச்சபையின் பணியாளர் பர்னபாவைப் பாருங்கள். தர்சு நகருக்குப் போய், பின்னாளில் பவுல் எனப்பட்ட சவுலைத் தேடி அந்தியோக்கியாவுக்கு அழைத்து வந்ததே அவர்தான் (திருத்தூதர் பணிகள் 11:25-26). 13:2-இல் ‘பர்னபாவும் சவுலும்’. 13:43-இல் ‘பவுலும் பர்னபாவும்’. பெயர் பின்னால் போனது, ஆள் போகவில்லை. (பிற்பாடு இருவரும் பிரிந்தது மாற்கு என்பவரை உடன் அழைத்துப் போவதா என்ற விஷயத்தில், முதலிடத்துக்காக அல்ல.)

எந்தப் பாட்டுக்கு எந்தச் சுருதி என்று குறித்த நோட்டை முதல் வாரமே கொடுத்துவிடுங்கள். பயிற்சிக்கு வராமல் நின்றுவிட்டால் அது தாழ்ச்சி இல்லை, கோபம். மைக்கை விட்டு ஓரடி தள்ளி நில்லுங்கள். பதிலுரைப் பாடலில் வேகம் தப்பினால் குரலை உயர்த்தித் திருத்தப் பார்க்காதீர்கள். பழகிய குரலின் பின்னால் பாதிப் பேர் போவார்கள், கோயில் இரண்டு தாளத்தில் பாடும். திருப்பலி முடிந்தபின் தனியாக, ஒருமுறை மட்டும் சொல்லுங்கள்.