கலெக்டர் உண்டு, தண்டலுக்கு மட்டும்

கேள்வி: என் மகள் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு கிராமப்புறத்தில் குடியிருக்கிறாள். வீட்டுக்குப் போகும் ரோடு மழை பெய்தால் சேறு, வெயில் அடித்தால் புழுதி. கேட்டால் "கவுண்டியில் சொல்லணும்ப்பா" என்கிறாள். கவுண்டி என்றால் நம்ம ஊர் மாவட்டம்தானே? அங்கே கலெக்டர் யார்? திங்கட்கிழமை மனு வாங்குவாரா?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், ஒட்டன்சத்திரம்)

பதில்: கலெக்டர் இருக்கிறார். அத்தோடு அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். ஆனால் அந்த ஒரு வார்த்தையைப் பார்த்ததும் எனக்குப் பழைய வியாதி கிளம்பிவிட்டது.

டெக்சாஸ் கவுண்டியில் 'டாக்ஸ் அசெஸர்-கலெக்டர்' என்று ஒருவர் உண்டு. வீடு, நிலத்துக்கு எவ்வளவு வரி என்று கணக்குப் போட்டு வசூல் செய்வார். கார் ரெஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கவும் அவர் அலுவலகத்துக்குப் போகலாம். கண்ணாடியில் ஒட்டுகிற சீட்டை அங்கே தருவார்கள். பல கவுண்டிகளில் வாக்காளர் பதிவும் அவர் பொறுப்பு. அவ்வளவுதான் கலெக்டர். முன்னால் சைரன் கிடையாது, பின்னால் டவாலி கிடையாது. பரீட்சை எழுதி வந்தவரும் இல்லை. நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டுக் கேட்டு வர வேண்டும். யோசித்துப் பாருங்கள்: "எனக்கு வாக்களியுங்கள், உங்களிடம் வரி வசூலிப்பேன்" என்று ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார், ஜனங்களும் ஓட்டுப் போடுகிறார்கள்.

நம்மிடமும் அந்த வார்த்தைக்கு அர்த்தம் அதுதான். கம்பெனிக்காரன் நிலவரி வசூலிக்க வைத்த ஆள், கலெக்டர். தமிழில் 'தண்டலர்' என்று நேர்மையாக எழுதியவர்களும் இருந்தார்கள். தண்டல் என்றால் வசூல். அந்த வார்த்தையை இன்றைக்குக் காலையில் சந்தைக்கு வந்து தினவட்டி வாங்கிக்கொண்டு போகிறவருக்குக் கொடுத்துவிட்டோம். கலெக்டருக்கு 'மாவட்ட ஆட்சித் தலைவர்' என்று புதுச்சட்டை தைத்தோம். வசூல்காரர் ஆட்சித் தலைவர் ஆன அந்த மொழிபெயர்ப்பைப் பற்றி இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதி, பலமுறை திட்டு வாங்கியிருக்கிறேன். இன்னொரு முறையும் வாங்கிக்கொள்கிறேன்.

மொழிபெயர்ப்பு என்றதும் எங்கள் அலுவலகச் சண்டை ஒன்று ஞாபகம் வருகிறது. பல வருஷம் முன்பு டெக்சாஸ் கடற்கரைப் பக்கம் புயல். உதவி ஆசிரியர் ஒருவர் கொடுத்த தலைப்பு: 'மக்கள் வெளியேற மாவட்ட நீதிபதி உத்தரவு'. "புயல் மேல் யாரய்யா வழக்குப் போட்டது?" என்று கேட்டேன். "மூலத்தில் கவுண்டி ஜட்ஜ் என்றுதான் இருக்கிறது" என்று அவர். ஜட்ஜ் என்றால் நீதிபதி, கவுண்டி என்றால் மாவட்டம், அகராதியில் தப்பில்லை. தலைப்பில்தான் தப்பு. டெக்சாஸில் கவுண்டி ஜட்ஜ் என்பவர் கவுண்டி நிர்வாகத்தின் தலைவர். பட்ஜெட் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், வெள்ளம் வந்தால் பேரிடர் அறிவிப்பார். சின்னக் கவுண்டிகளில் சில்லறைக் குற்ற வழக்குகளும் உயில் வழக்குகளும் அவர் முன்னால் வரும். ஆனால் அவர் வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. மாநில அரசியல் சட்டம் எதிர்பார்ப்பதெல்லாம் 'சட்டம் நன்கு தெரிந்தவராக' இருக்க வேண்டும் என்பதுதான். நம்ம ஊர் டீக்கடையில் அந்தத் தகுதி உள்ளவர்கள் காலை ஆறு மணிக்கே நாலு பேர் கிடைப்பார்கள்.

இதில் வேடிக்கை, 'டிஸ்ட்ரிக்ட் ஜட்ஜ்' என்று நிஜமான நீதிபதியும் அங்கே தனியாக உண்டு. அவருடைய டிஸ்ட்ரிக்ட் சில இடங்களில் நாலைந்து கவுண்டிகள் சேர்ந்தது. ஆக கவுண்டியை மாவட்டம் என்றால், மாவட்டத்துக்குள் நாலைந்து மாவட்டம் என்று எழுத வேண்டி வரும். உதவி ஆசிரியர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் உங்கள் முதல் கேள்விக்கு 'ஆமாம்' என்று சொல்ல எனக்குக் கை வரவில்லை. கவுண்டி என்றே வைத்துக்கொள்வோம். கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்குப் பழகிய வார்த்தைதானே.

இப்போது மகளின் ரோடு. டெக்சாஸில் 254 கவுண்டிகள்; வேறெந்த அமெரிக்க மாநிலத்திலும் இத்தனை இல்லை. ஒவ்வொன்றையும் நாலாகப் பிரித்து, பிரிவுக்கு ஒரு கமிஷனர். நாலு கமிஷனர்களும் கவுண்டி ஜட்ஜும் சேர்ந்ததற்குப் பெயர் 'கமிஷனர்ஸ் கோர்ட்'. இதுவும் கோர்ட் இல்லை. உதவி ஆசிரியர் கவனிக்கவும். வரி விகிதம், பட்ஜெட், பாலம், ரோடு எல்லாம் இந்த ஐந்து பேர் கைதூக்கி முடிவு செய்வது. கிராமப்புறத்தில் கமிஷனர் என்றால் ஜனங்கள் நினைப்பது ஒன்றைத்தான்: ரோடு. அவர் கொட்டகையில் ஒரு மோட்டார் கிரேடர் நிற்கும். நீளமான உடம்பு, நடுவயிற்றில் சாய்வாக ஒரு பெரிய இரும்புத் தகடு. மழைக்குப் பிறகு அது ஊர்ந்து வந்து, வண்டித்தடத்தில் எழும்பிய வரப்பைச் சீவி, ஓரத்துக் கல்லை நடுவுக்குத் தள்ளிக்கொண்டு போகும். மேற்கு டெக்சாஸில் தார் ரோட்டைவிட்டு இறங்கினால் பல இடங்களில் 'கலீச்சி' என்கிற வெளுத்த சுண்ணாம்புக் கல் ரோடுதான். காய்ந்தால் மாவு, நனைந்தால் களி. உங்கள் மகள் சொன்ன சேறும் புழுதியும் அதுவாக இருக்கலாம்.

ஆனால் முதலில் விசாரிக்க வேண்டியது, அது கவுண்டி ரோடா என்பதை. மனை போட்டு விற்றவர் வெட்டிவிட்டுப் போன தனியார் ரோடு என்றால், கமிஷனர் சொந்த அண்ணனாக இருந்தாலும் கவுண்டி கிரேடரை அதில் இறக்கக் கூடாது. கவுண்டி ரோடுதான் என்றால் விஷயம் சுலபம். தன் வீடு எந்தக் கமிஷனர் பிரிவில் வருகிறது என்று பார்த்து அவருக்குப் போன் போட வேண்டும். அடுத்த பிரிவுக் கமிஷனரிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அவருக்கு அங்கே ஓட்டும் இல்லை, ரோடும் இல்லை.

மற்றபடி "கவுண்டியில் சொல்லணும்" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. பள்ளிக்கூடம் கவுண்டியுடையது இல்லை. அதற்குத் தனி டிஸ்ட்ரிக்ட், தனி வரி, தனித் தேர்தல். கரன்ட் பல இடங்களில் கூட்டுறவு சங்கம் கொடுப்பது. தீ பிடித்தால் வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பகுதித் தொண்டர்கள், மளிகைக்கடைக்காரரே தீயணைப்புக்காரர். பக்கத்து நிலத்தில் ஒருவர் பன்றிப் பண்ணை வைத்தால், 'இங்கே வீடு மட்டும்தான்' என்று சொல்லக் கவுண்டிக்கு அதிகாரம் கிடையாது. மாநிலம் எழுதிக் கொடுத்த அதிகாரம்தான் அதற்கு உண்டு, அந்தப் பட்டியலில் இது இல்லை. ஆனால் வறட்சி வந்தால், திறந்தவெளியில் எதையும் கொளுத்தாதே என்று கமிஷனர்ஸ் கோர்ட் 90 நாள் வரை தடை போடலாம். உங்கள் மகள் கொல்லையில் சருகு கூட்டிக் கொளுத்துகிற பழக்கத்தை ஒட்டன்சத்திரத்திலிருந்து கொண்டுபோயிருந்தால் எச்சரித்து வையுங்கள். அபராதம் 500 டாலர் வரை.

எனக்கு ருசி இந்த மற்ற பதவிகளில்தான். ஷெரிஃப் போலீஸும் ஜெயிலும் பார்ப்பவர். நம் மெட்ராஸிலும் ஷெரிஃப் இருந்தார். விமான நிலையத்தில் விருந்தாளிக்கு மாலை போடுகிற அலங்காரப் பதவி. அங்கே இடுப்பில் துப்பாக்கியோடு இருக்கிறார். கவுண்டி கிளார்க்கிடம் பிறப்புப் பதிவு, கல்யாண லைசென்ஸ், நிலப்பத்திரம், அப்புறம் மாட்டுச் சூடு. ஆமாம், மாட்டின் தொடையில் போடுகிற சூட்டுக்குறியைக் கிளார்க்கிடம் பதிவு செய்து, பத்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 'தோல் மற்றும் கால்நடை ஆய்வாளர்' என்று ஒரு பதவி அரசியல் சட்டத்திலேயே இருந்தது. 2007இல்தான் வாக்கெடுப்பு நடத்தி எடுத்தார்கள். ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் என்பவர் வேகமாக ஓட்டினால் அபராதம் போடுவார், கல்யாணம் செய்து வைப்பார், வாடகை பாக்கி வழக்கு கேட்பார். மருத்துவப் பரிசோதகர் இல்லாத கவுண்டியில் சந்தேக மரணம் என்றால் நடுராத்திரியில் வந்து காரணத்தையும் அவரே எழுதுவார். அவரும் வக்கீலாக இருக்க வேண்டியதில்லை, டாக்டராகவும் இருக்க வேண்டியதில்லை. இது பெருமைப்படுகிற சமாசாரம் இல்லை என்பது என் எண்ணம்.

இவர்கள் எல்லாரும் தனித்தனியாக ஓட்டு வாங்கி வந்தவர்கள் என்பதுதான் விசேஷம். கவுண்டி ஜட்ஜ் ஷெரிஃபைக் கூப்பிட்டு "ஏன்யா" என்று கேட்க முடியாது. கிளார்க்கை இடமாற்றம் செய்ய முடியாது. பட்ஜெட்டில் கையை இறுக்கலாம், அவ்வளவுதான். நம்ம ஊரில் ஐயா ஒருவர், கீழே எல்லாரும். அங்கே ஐயாக்கள் பத்துப் பன்னிரண்டு பேர், மேலே யாரும் இல்லை.

இது பெரிய கவுண்டிக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஹூஸ்டன் நகரம் இருக்கிற ஹாரிஸ் கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 47 லட்சம் பேர். அங்கேயும் ஒரு ஜட்ஜ், நாலு கமிஷனர். மேற்குக் கோடியில் லவிங் கவுண்டி. ஆலிவர் லவிங் என்ற மாட்டு வியாபாரியின் பெயர். பரப்பளவு இன்றைய சென்னை மாநகராட்சியைப் போல நாலு மடங்கு. 2020 கணக்கெடுப்பில் ஜனத்தொகை 64. அச்சுப் பிழை இல்லை, அறுபத்து நாலு. அங்கேயும் ஒரு ஜட்ஜ், நாலு கமிஷனர், ஒரு ஷெரிஃப், ஒரு கிளார்க். மென்டோன் என்கிற ஒரே ஊர், அதில் ஒரு கோர்ட் ஹவுஸ். பள்ளிக்கூடம் இல்லை, பிள்ளைகள் பஸ் ஏறிப் பக்கத்துக் கவுண்டிக்குப் போகிறார்கள். ஆள் பற்றாக்குறையில் ஷெரிஃபே வரி வசூலிக்கிற கலெக்டரும். துப்பாக்கி வைத்திருக்கும் தண்டல்காரர்; பாக்கி நிற்குமா? (மண்ணுக்கடியில் எண்ணெய் இருப்பதால் கவுண்டிக்குப் பணக் கஷ்டம் இல்லை.)

64 பேருக்கு இத்தனை தேர்தலா என்று சிரிக்கலாம். சிரித்துவிட்டு இதையும் பாருங்கள். நம் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில், அதுவும் 27 மாவட்டங்களில் மட்டும். நடுவில் மூன்று வருஷம் தனி அலுவலர். அந்த 27 மாவட்டங்களிலும் 2025 ஜனவரியில் மறுபடி தனி அலுவலர். தேர்தல் நடந்து தலைவர் வந்தாலும், ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் அவரைப் பதவி நீக்கக் கலெக்டருக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஓட்டுப் போட்டது ஊர், வீட்டுக்கு அனுப்புவது தண்டலர். இதை எழுதினால் 'ஆசிரியருக்கு அதிகாரிகள் மேல் காழ்ப்பு' என்று ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் தவறாமல் கடிதம் போடுவார். தயாராக இருக்கிறேன், ஐயா.

காழ்ப்பு இல்லை, அனுபவம். ஒரு திங்கட்கிழமை, எந்த மாவட்டம் என்று கேட்காதீர்கள், பட்டா மாறுதலுக்கு நானே மனு கொடுத்தேன். வரிசையில் மூன்று மணி நேரம், கையில் நம்பர் போட்ட சீட்டு. கலெக்டர் சிரித்த முகத்தோடு வாங்கி, ஓரத்தில் இரண்டெழுத்து கிறுக்கினார். மனு கோட்டாட்சியருக்குப் போய், தாசில்தாருக்கு இறங்கி, ஆர்.ஐ.யைத் தொட்டு, கடைசியில் கிராம நிர்வாக அலுவலரிடம் வந்து சேர்ந்தது. மனுவே அவர் மேல்தான். "என்ன சார், இதை நேரா எங்கிட்டயே குடுத்திருக்கலாமே" என்றார். மனசு சங்கடப்பட்டுத்தான் சொன்னார்.

உங்கள் மூன்றாவது கேள்வி, திங்கட்கிழமை. கமிஷனர்ஸ் கோர்ட் பல கவுண்டிகளில் திங்கட்கிழமைதான் கூடுகிறது; எப்படி அமைந்தது பாருங்கள்! என்ன பேசப் போகிறார்கள் என்கிற பட்டியலை முன்கூட்டியே ஒட்டியிருப்பார்கள். ரோடு அதில் இருந்தால் மகள் எழுந்து பேசலாம், தடுக்க முடியாது. சாதாரணமாக மூன்று நிமிடம் தருவார்கள். நீங்கள் இங்கிருந்து மனு எழுதி அனுப்பும் உத்தேசம் இருந்தால் ஒன்று கவனியுங்கள்: 'உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களின் மேலான சமூகத்திற்கு, கீழே கையொப்பமிட்டுள்ள அடியேன் பணிவுடன் சமர்ப்பித்துக்கொள்ளும் விண்ணப்பம் யாதெனில்' என்று தொடங்கினால், அதிலேயே அரை நிமிடம் போய்விடும்.