உடுக்கை நழுவினால் கைக்குத் தெரியும், தோழிக்கு?

கேள்வி: என் கணவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்து ஐந்து மாதம் ஆகிறது. கீமோதெரபி நடக்கிறது. முதல் இரண்டு வாரம் வீடு கொள்ளாத கூட்டம். வந்தவர்கள் எல்லாரும் "எது வேணும்னாலும் சொல்லு" என்றார்கள். இப்போது போனை எடுப்பவர்கள் இரண்டே பேர். ஒருத்தி வந்தால் என் தோளில் சாய்ந்து அழுகிறாள். இன்னொருவர் "உடம்பைக் கவனிக்காமல் விட்ட வினை" என்கிறார். "நான் எல்லாருக்கும் பாரம், போய்ச் சேர்ந்தால் தேவலை" என்று என் கணவர் ஒரு நண்பரிடம் சொல்லியிருக்கிறார். அவர் அதை இரண்டு வாரம் மறைத்துவிட்டு இப்போதுதான் என்னிடம் சொன்னார். நான் யாரிடமும் வாய்விட்டு உதவி கேட்டதில்லை. கேட்டு வாங்கினால் அது நட்பா? 'உடுக்கை இழந்தவன் கைபோல' என்பதெல்லாம் ஏட்டோடு சரிதானா? மூன்று மாதமாகக் காணாமல் போயிருந்த பள்ளித்தோழி ஒருத்தி இப்போது "வரட்டுமா?" என்று கேட்கிறாள். வரச் சொல்லவா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: வள்ளுவர்மேல் தப்பில்லை. 'உடுக்கை இழந்தவன் கைபோல ஆங்கே இடுக்கண் களைவதாம் நட்பு' என்ற 788ஆம் குறளை நாம் எல்லாரும் வேகத்துக்கு உவமையாக மட்டும் படித்துப் பழகிவிட்டோம். ஆடை நழுவியதும் கை பாய்ந்து பிடிக்கிறது, சரி. நழுவியது கைக்கு எப்படித் தெரிந்தது? அதே உடம்பில் இருக்கிறது, தெரிந்தது. உங்கள் தோழி வேறு உடம்பு, வேறு வீடு. ராத்திரி 2 மணிக்கு நீங்கள் வாந்தி வாளியைக் கழுவுவது எந்த நரம்பு வழியாகவும் அவளுக்குப் போய்ச் சேராது. ஐந்து மாதத்தில் யாரிடமும் கேட்டதில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நட்பு தோற்றது என்று தீர்ப்பு எழுத இன்னும் நேரம் வரவில்லை, வழக்கே பதிவாகவில்லை.

இன்னொன்றையும் அந்தக் குறளிலேயே பாருங்கள். நழுவும் ஆடையைக் கை பிடிக்கும். புது ஆடை நெய்து தராது.

'எது வேணும்னாலும் சொல்லு' என்றவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த வாக்கியம் வேலை முழுவதையும் உங்கள் தலையிலேயே திருப்பி வைத்துவிடுகிறது. என்ன வேண்டும் என்று யோசிப்பது, யாரால் முடியும் என்று கணக்குப் போடுவது, கூச்சத்தை விழுங்கிக்கொண்டு கேட்பது எல்லாம் உங்கள் பொறுப்பு. நீங்கள் கேட்கவில்லை. அவர்களும் சும்மா இருந்தார்கள். சும்மா இருக்கும் நண்பர்கள் என்ன ஆவார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

விவிலியத்தில் யோபுவைப் பார்க்க எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்று மூன்று நண்பர்கள் பேசிவைத்துக்கொண்டு வருகிறார்கள். பிள்ளைகளும் சொத்தும் உடல்நலமும் போய் உட்கார்ந்திருக்கிறார் அவர். துக்கத்தின் அளவைப் பார்த்துவிட்டு, 7 பகலும் 7 இரவும் ஒரு வார்த்தை பேசாமல் கூடவே தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதுவரை அவர்களைப்போல நண்பர்கள் கிடையாது. பிறகு யோபு வாய்திறந்து, தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க அவர்களால் முடியவில்லை. 'நீ ஏதோ தப்புச் செய்திருப்பாய், இல்லாவிட்டால் இது வருமா' என்று அத்தியாயம் அத்தியாயமாக வாதாடுகிறார்கள். 'அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்' என்று யோபு அவர்களைச் சொல்கிறார். பழைய மொழிபெயர்ப்பின் அந்த வசவு இன்றைக்கும் தேயவில்லை.

அவர்கள் ஏன் அப்படி மாறினார்கள் என்பதற்கு 1966இல் மெல்வின் லெர்னரும் கேரலின் சிம்மன்ஸும் செய்த உளவியல் சோதனை ஒன்று துப்புக் கொடுக்கிறது. ஒரு பெண் மின்அதிர்ச்சி வாங்கித் துடிப்பதாக நடித்தாள். பார்த்தவர்கள் நிஜம் என்று நம்பினார்கள். அவளுடைய வேதனையை நிறுத்த வழி கிடைத்தவர்கள் பிறகு அவளைப் பற்றி அவ்வளவாக மட்டமாகப் பேசவில்லை. வேதனை தொடரப்போகிறது, தங்களால் ஆவது ஒன்றுமில்லை என்று இருந்தவர்களே அவளை அதிகம் மட்டம்தட்டினார்கள். கைக்கு வேலை இல்லாதபோது வாய்க்கு வேலை வந்துவிடுகிறது.

'கவனிக்காமல் விட்ட வினை' என்கிறாரே, அவர் கெட்டவராக இருக்கவேண்டியதில்லை. பயந்தவராக இருக்கலாம். ஒரு காரணம் கிடைத்துவிட்டால், தனக்கு வராது என்று நிம்மதியாகத் தூங்கலாம் அல்லவா! அவரிடம் வாதாடாதீர்கள். "காரணத்தை டாக்டர் பார்த்துக்கொள்வார். இந்த பில்களைத் தேதிவாரியாக அடுக்கி, எல்லாவற்றிலும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தர முடியுமா?" என்று ஒரு கட்டுக் காகிதத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள்.

ஆகவே கேளுங்கள். ஆனால் கேட்கும் முறை இருக்கிறது. 'கொஞ்சம் கூடமாட இருங்களேன்' என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. வாட்ஸ்அப் குழுவில் பொதுவாகப் போட்டால் நாற்பது பேரும் மற்ற முப்பத்தொன்பது பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடுவார்கள். ஒரு ஆள், ஒரு வேலை, தொடங்கும் நேரம், முடியும் நேரம், 'முடியாது' என்று சொல்ல ஒரு வாசல். இந்த ஐந்தும் ஒரே செய்தியில் இருக்கவேண்டும். இப்படி:

"வியாழன் காலை 9 மணிக்கு அவருக்கு ரத்தப் பரிசோதனை. 8.15க்கு வீட்டுக்கு வந்து கூட்டிப்போய், 11 மணிக்குள் திரும்பக் கொண்டுவந்து விட முடியுமா? முடியாவிட்டால் புதன் மதியத்துக்குள் 'முடியாது' என்று மட்டும் அனுப்பு, போதும். காரணம் வேண்டாம்."

கடைசி இரண்டு வாக்கியங்களை வெட்டிவிடாதீர்கள். மறுக்க வழியில்லாமல் கேட்கப்பட்டவர் இந்த வியாழன் வந்துவிடுவார், அடுத்த மாதம் போனை எடுக்கமாட்டார். ஒரே ஆளை வாரத்துக்கு இரண்டு தடவைக்குமேல் கூப்பிடவும் வேண்டாம். நல்ல மனசுக்காரி ஒருத்தி எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வாள். அவளைப் பார்த்து மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். சில மாதத்தில் அவளும் களைத்து விழுவாள்.

'கேட்டினும் உண்டோர் உறுதி, கிளைஞரை நீட்டி அளப்பதோர் கோல்' என்றும் ஒரு குறள் இருக்கிறது (796). கேடு வந்தால்தான் நண்பர்களை அளக்கும் கோல் கையில் கிடைக்கிறது என்கிறார். அளந்து பார்த்ததில் ஒருவர் குட்டை என்று தெரிந்தால் தூக்கி எறிவதா? குட்டைத் துணி குட்டை வேலைக்கு ஆகும். ஊசியைப் பார்த்தாலே மயங்குகிறவரை வார்டுக்குள் விடாமல் மருந்து வாங்க அனுப்பலாம். பேசிக் கொல்லுகிறவருக்கு வண்டி ஓட்டும் வேலை. சொந்தபந்தங்களுக்கு வாரம் ஒருமுறை நிலவரம் சொல்லும் பொறுப்பை, பொறுமையாக எழுதத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து, செய்தியின் கடைசியில் 'பதில் எழுத வேண்டாம்' என்று சேர்க்கச் சொல்லுங்கள். ஒரே கதையைத் தினம் பத்துப் பேருக்குச் சொல்லும் தண்டனையிலிருந்து உங்களுக்கு விடுதலை.

நோயாளியோடு உட்காருகிறவருக்காக ஒரு தாள் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மாத்திரைகளின் பெயரும் நேரமும், ஒவ்வாத மருந்துகள், மருத்துவமனையின் இரவு நேர எண். அதில் இதைச் சிவப்பு மையில் எழுதுங்கள்: காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட் தொட்டால், எந்த நேரமானாலும் உடனே மருத்துவமனைக்குப் போன். அவர்கள் சொல்லும் முன் பாரசிட்டமால் கொடுக்கக்கூடாது. கீமோ கொடுத்து சுமார் 7 முதல் 14 நாளுக்குள் ரத்தத்தின் வெள்ளணுக்கள் மிகவும் இறங்கும் (மருந்துக்கு மருந்து இது மாறும், உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்). அப்போது சாதாரணக் கிருமிகூட ஆளைச் சாய்த்துவிடும். மாத்திரை போட்டுக் காய்ச்சலை மறைத்தால் அது தெரியாமலே போகும். இருமலோடு வரும் உயிர்த்தோழரைவிட, அந்த வாரம் வராமல் இருக்கும் தோழரே உத்தமம்.

இனி நட்பால் ஆகாதவை. 2006இல் ஜேம்ஸ் கோனும் சக ஆய்வாளர்களும் மணமான 16 பெண்களை எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து, மின்அதிர்ச்சி வரலாம் என்று எச்சரித்து, மூளை எப்படி மிரள்கிறது என்று பார்த்தார்கள். அந்நியர் ஒருவரின் கையைப் பிடித்திருந்தபோது மிரட்சி ஓரளவு குறைந்தது. கணவரின் கையைப் பிடித்திருந்தபோது இன்னும் குறைந்தது. ஒட்டுதல் அதிகமுள்ள தம்பதிகளிடம் அதைவிடவும். மின்சாரம் என்னவோ அதே மின்சாரம்தான். கூட இருப்பவரால் ஆவது அவ்வளவு, அது சின்ன விஷயமும் அல்ல. ஆனால் கட்டியைக் கரைக்கும் வேலையையோ, எந்த மருந்து என்று முடிவெடுக்கும் வேலையையோ அந்தக் கையிடம் கொடுக்காதீர்கள். 'எனக்குத் தெரிந்த ஒரு வைத்தியம்' என்று வருபவரிடம் "எழுதிக் கொடுங்கள், டாக்டரிடம் காட்டுகிறேன்" என்றால் போதும். பாதிப் பேர் எழுதித் தரமாட்டார்கள்.

உங்கள் தோளில் அழுகிற தோழிக்கு ஒரு படம் வரைந்து காட்டலாம். சூசன் சில்க், பேரி கோல்ட்மன் இருவரும் 2013இல் எழுதிய யோசனை இது. நடுவில் நோயாளி, அவரைச் சுற்றிய வட்டத்தில் நீங்கள், அடுத்ததில் பெற்றவர்களும் பிள்ளைகளும், அதற்கு வெளியே நெருங்கிய நண்பர்கள், பிறகு மற்றவர்கள். உள்பக்கம் ஆறுதல் மட்டுமே போகலாம். அழுகையும் புலம்பலும் வெளிப்பக்கம்தான் போகவேண்டும். அவள் அழட்டும், தன் வீட்டுக்காரரிடம் போய் அழட்டும். நீங்களும் அழவேண்டும்; கணவரிடம் அல்ல, வெளிவட்டத்தில் ஒருத்தியிடம்.

கணவர் சொன்ன வார்த்தையை மறைத்த நண்பர் செய்தது பெரிய பிழை. உயிர் சம்பந்தப்பட்ட ரகசியத்தைக் காப்பாற்றுவதாக எந்த நண்பரும் வாக்குக் கொடுக்கக்கூடாது. கொடுத்திருந்தாலும் மீறவேண்டும். இன்றைக்கே கணவரிடம் நேராகக் கேளுங்கள்: "சாகவேண்டும் என்று தோன்றுகிறதா? எப்படி என்று யோசித்தீர்களா?" கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. ஆம் என்றால் தனியே விடாதீர்கள், வீட்டிலுள்ள மாத்திரைகளைப் பூட்டிச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், அன்றே மருத்துவமனை. இல்லை என்று சொன்னாலும் சிகிச்சை தரும் டாக்டருக்குத் தெரியப்படுத்துங்கள். 'பாரம்' என்ற பேச்சுக்குப் பின்னால் பல சமயம் சரியாக மருந்து கொடுக்கப்படாத வலியும் தூக்கமின்மையும் இருக்கும். இரண்டுக்கும் மருத்துவம் இருக்கிறது.

உங்களுக்கும் இதே அளவுகோல்தான். இரண்டு வாரத்துக்குமேல் அநேகமாக எல்லா நாளும் மனசு இருண்டு கிடந்து, தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லை என்றால் அதைத் தோழியிடம் பேசித் தீர்க்கப் பார்க்காதீர்கள். தோழி செய்யவேண்டியது உங்களை மருத்துவரிடம் கூட்டிப்போவது.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வரும். யாரிடம் வாங்கினாலும் தொகை, தேதி, எப்போது திருப்பித் தருவது என்று ஒரு தாளில் எழுதி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். எழுதாத கடன்தான் முகத்தைப் பார்க்கவிடாமல் செய்யும்.

பள்ளித்தோழிக்கு வருகிறேன். முதல் வாரம் போன் செய்யாதவருக்கு இரண்டாம் வாரம் கூச்சம், இரண்டாம் மாதம் குற்றவுணர்ச்சி. மூன்று மாதம் அந்தச் சுவருக்கு அந்தப்பக்கம் நின்றுவிட்டு அவள் கதவைத் தட்டியிருக்கிறாள். 'இவ்வளவு நாள் எங்கே போனாய்' என்ற கேள்வி வேண்டாம். அவளிடம் பதில் இல்லை. "வா. சனிக்கிழமை மாலை 4 மணிக்கு வந்து 6 மணி வரை அவரோடு இரு. சளி இருந்தால் வேறு நாள்" என்று எழுதுங்கள். அவள் வந்ததும் சுவரில் உள்ள தாளைக் காட்டிவிட்டு, உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்த இரண்டு மணி நேரமும் தூங்குங்கள்.