சக்கரத்தில் குடியிருப்போருக்குத் தீம் பார்க் ஆண்டு பாஸ் இலாபமா?

கேள்வி: ஓராண்டாக டெம்போ டிராவலர் வண்டியையே வீடாக்கிக்கொண்டு, கணவர், நான், இரண்டு பிள்ளைகள் என நால்வரும் ஊர் ஊராகத் தங்கிப் பயணம் செய்கிறோம். இப்போது உச்சிப்புளி அருகே அரியமான் கடற்கரைப் பக்கம் நிற்கிறோம்; இன்னும் சில வாரங்களில் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னை செல்வோம். பதினொன்றும் ஆறும் வயதான பிள்ளைகள் தீம் பார்க் போக வேண்டும் என்று நச்சரிக்கிறார்கள். மதுரைக்கு ஒரு நடை போய்வருவதா, பெரிய பூங்கா ஒன்றின் ஆண்டு பாஸ் எடுப்பதா? எது சிக்கனம்?
– வாசகி, அரியமான்

பதில்: இரண்டுமே வேண்டாம் என்பது என் கருத்து. ஆண்டு பாஸ் என்பது பூங்காவுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களை மனத்தில் வைத்து விற்கப்படும் சரக்கு. பாஸின் விலையை ஒரு நாள் சீட்டின் விலையால் வகுத்துப் பாருங்கள். அந்த எண்ணிக்கைக்கு மேல், பாஸ் செல்லாத விடுமுறை நாள்களைத் தவிர்த்துவிட்டு, அதே ஊருக்குத் திரும்பி வருவீர்களா? ஓரிடத்தில் நிலைகொள்ளாமல் இருப்பதையே வாழ்க்கையாகத் தேர்ந்துகொண்ட குடும்பம் அப்படி வருவது அரிது.

மதுரைப் பயணத்தையும் கணக்கிட்டே முடிவு செய்யுங்கள். இராமநாதபுரத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 115 கிலோமீட்டர்; அதிசயம் பூங்கா இருக்கும் பரவை அதற்கும் அப்பால், திண்டுக்கல் சாலையில் உள்ளது. அரியமானிலிருந்து போய்வர 280 கிலோமீட்டருக்குக் குறையாது. உங்கள் வண்டி லிட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓடினால் டீசலுக்கே 2,500 ரூபாய்க்கு மேல் ஆகும், சுங்கம் தனி. சென்னையிலோ இந்தச் செலவே இல்லை. ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி.யும் முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்.மும் நீங்கள் செல்லும் சாலையிலேயே இருக்கின்றன. 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட வொண்டர்லாவும் திருப்போரூர்ப் பக்கம்தான். பூங்காவைத் தேடி வண்டியைத் திருப்பாமல், வண்டி போகிற வழியில் வரும் பூங்காவுக்குப் போவதே உங்களுக்கு ஏற்றது. பாஸ் ஒன்று எடுத்தே தீர வேண்டும் என்றால், 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய் கட்டணத்தில் தொடங்கப்பட்ட ஃபாஸ்டேக் (சுங்கக் கட்டணத்துக்கான மின்னணு ஒட்டுவில்லை) ஆண்டு பாஸைப் பற்றி விசாரியுங்கள். ஆனால் அது சொந்தப் பயன்பாட்டுக்கான கார், ஜீப், வேன் வகைகளுக்கு மட்டுமே, தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் மட்டுமே செல்லும் என்பதால், முதலில் பதிவுச் சான்றில் உங்கள் வண்டி எந்த வகையில் உள்ளது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி உங்களிடம் இருக்கிறது: நாளைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம். பள்ளி திறந்த பின் வரும் ஜூன், ஜூலை மாதங்களிலோ, தேர்வுக் காலமான மார்ச்சிலோ, செவ்வாய், புதன் போன்ற நாளில் போனால், பல பூங்காக்களில் சீட்டு விலையும் குறைவு, ராட்டினத்துக்கு நிற்கும் வரிசையும் குறைவு. வரிசையில் நிற்காமல் செல்வதற்கென்று கூடுதல் விலைக்கு விற்கப்படும் விரைவுச் சீட்டு அன்று தேவையே படாது. என் கணக்கில் பெரிய மிச்சம் இதுதான். பள்ளிச் சுற்றுலாக் கூட்டம் வருகிறதா என்று முதல் நாள் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியவை சில உண்டு. பல பூங்காக்கள் பிள்ளைகளின் சீட்டை வயதால் அல்ல, உயரத்தால் நிர்ணயிக்கின்றன. வொண்டர்லாவில் 85 சென்டிமீட்டருக்குக் கீழ் இலவசம், 140 வரை பிள்ளைக் கட்டணம், அதற்கு மேல் பெரியவர் கட்டணம். பதினொரு வயதுப் பிள்ளை அந்தக் கோட்டருகே நிற்கக்கூடும்; வண்டிக் கதவருகே நிறுத்தி இப்போதே அளந்துவிடுங்கள், வாசலில் வாக்குவாதம் செய்து பயனில்லை. அடுத்தது, ஒரே சீட்டில் வெளியே போய் மீண்டும் உள்ளே வர விடுவார்களா என்பது. விடுவார்கள் என்றால் முந்தைய இரவே கட்டிய புளிசோற்றை மதியம் வண்டியிலேயே உண்ணலாம். இல்லையென்றால் உள்ளே உணவுக்கு ஆகும் தொகையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். வண்டி நிறுத்துமிடத்தில் அடுப்புப் பற்றவைக்கும் எண்ணம் மட்டும் வேண்டாம்.

விளம்பரத்தில் காணும் விலையில் வரி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பூங்கா நுழைவுக்கான ஜி.எஸ்.டி. 2018 ஜனவரியில் 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது என்றாலும், நால்வருக்கு அதுவே ஒரு நல்ல தொகை. இணையத்தில் பதிவு செய்யும்போது நீங்கள் கேட்காத காப்பீடு, நன்கொடை, உணவுக் கூப்பன் ஆகியவை கூடையில் ஏறியிருந்தால் நீக்கிவிடுங்கள். அவ்வாறு தாமாகச் சேர்ப்பதையும், கடைசித் திரையில் விலையை ஏற்றிக் காட்டுவதையும் 2023 நவம்பரில் வெளியான மைய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதல்கள் தடை செய்துள்ளன. நைலான் நீச்சலுடையையும், உடைமைகளை வைக்கும் பெட்டிக்கான பூட்டையும் கொண்டு போங்கள். பருத்தி உடையுடன் நீர் விளையாட்டுகளுக்குப் பல இடங்களில் விடுவதில்லை. வாசலில் வாங்கினால் விலை கூடுதல்.

கேள்வி: சென்ற மாதம் ஒரு பூங்காவுக்குப் போனோம். பெரிய ராட்டினங்களில் பாதி பழுது என்பது சீட்டு வாங்கி உள்ளே போன பின்தான் தெரிந்தது; பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். பூங்கா இருப்பதோ வேறு மாவட்டம். எங்கே முறையிடுவது?
– வாசகர், தங்கச்சிமடம்

பதில்: அந்த மாவட்டத்துக்கு அலைய வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் இடத்தில், அதாவது இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம். 5 இலட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். முதலில் பூங்காவுக்கு எழுத்தில் முறையிடுங்கள், பிறகு 1915 என்ற தேசிய உதவி எண்ணை அழையுங்கள். பல சிறு தொகைகள் அங்கேயே பேசி முடிகின்றன. இடிமின்னலுக்காக ராட்டினத்தை நிறுத்துவது பாதுகாப்பு, அதைக் குறையாகச் சொல்லி வெல்வது கடினம். ஆனால் பழுது என்று முன்பே தெரிந்தும் முழு விலைக்குச் சீட்டு விற்றதாக நிறுவ முடிந்தால் உங்கள் பக்கம் வலு உண்டு. அன்றைய இரசீதும், சீட்டுக் கூண்டருகே அறிவிப்பு இல்லாததைக் காட்டும் படமும், மூடியிருந்த ராட்டினங்களின் படமும் கைப்பேசியில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

(வண்டியிலேயே வாழும் அரியமான் வாசகிக்கு: நிலையான முகவரி இல்லாதவர்களும் பூங்கா இருக்கும் மாவட்டத்தில் தொடரலாம். ஆதாரில் உள்ள ஊர் முகவரியை விட்டுவிடாமல் வைத்திருங்கள்.)