திடலோரம்: சாப்பல் ஹில் பெண்கள்

*உயர்நிலைப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து, பெண்கள் கால்பந்து அணிகளை வளர்த்து, ஓய்வுபெற்ற நம் ‘டீச்சர்’ வாசகர்களின் விளையாட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.*

அமெரிக்க ஆண்கள் கால்பந்தில் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. பெண்கள் மட்டும் எப்படி நான்கு முறை உலகக் கிண்ணத்தை வென்றார்கள்?
*– ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், தோ பாயோ*

கல்லூரிகளால்தான், ஐயா. 1972-இல் அங்கே ஒரு சட்டம் வந்தது. மத்திய அரசின் பணம் வாங்கும் எந்தக் கல்விக்கூடமும் ஆண், பெண் என்று பார்த்து யாரையும் ஒதுக்கக் கூடாது என்பது அதன் சாரம். ‘டைட்டில் நைன்’ என்பார்கள். அதில் விளையாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் விளையாட்டும் கல்லூரி தருகிற ஒன்றுதானே? ஆண்களுக்கு அணி இருக்கிறதே, எங்களுக்கு எங்கே என்று பெண்கள் கேட்கத் தொடங்கினார்கள்.

வட கரோலினா மாநிலத்தின் சாப்பல் ஹில் ஊரில் உள்ள பல்கலைக்கழகத்திலும் அப்படித்தான். கிளப்பாகக் கூடி விளையாடிக்கொண்டிருந்த மாணவிகள், எங்களையும் பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ அணியாக ஆக்குங்கள் என்று போய் நின்றார்கள். 1979-இல் அது நடந்தது. அங்கே ஆண்கள் அணியின் கோச்சாக இருந்த ஆன்சன் டோரன்ஸிடமே பெண்கள் அணியையும் கொடுத்தார்கள். அவருக்கு அப்போது 28 வயது.

எதிர்த்து ஆடக் கல்லூரி அணிகளே அதிகம் இல்லாத காலம் அது. 1981-இல் பெண்கள் கல்லூரி விளையாட்டுச் சங்கம் நடத்திய முதல் தேசியக் கால்பந்துப் போட்டியில் இந்த அணி வென்றது. மறு ஆண்டு ‘என்சிஏஏ’ என்ற பெரிய சங்கம் 12 அணிகளோடு பெண்கள் போட்டியைத் தொடங்கியபோது அந்தக் கோப்பையும் இவர்களுக்கே. 1986 முதல் 1994 வரை ஒன்பது ஆண்டு தொடர்ச்சியாகச் சாம்பியன். அந்தக் காலத்தில் ஒரு கட்டத்தில் 101 ஆட்டங்கள் தோல்வியே இல்லாமல் போயின. பின்னாளில் அமெரிக்க அணியின் நட்சத்திரமான மியா ஹேம் அங்கே ஆடிய 95 ஆட்டங்களில் தோற்றது ஒன்றே ஒன்று.

டோரன்ஸ் 1986-இல் அமெரிக்கத் தேசியப் பெண்கள் அணிக்கும் பொறுப்பேற்றார். 1991-இல் சீனாவில் நடந்த முதல் பெண்கள் உலகக் கிண்ணத்தில் அமெரிக்கா நார்வேயை 2-1 என்று வென்றபோது, அந்த அணியில் ஏறத்தாழப் பாதிப் பேர் சாப்பல் ஹில்லில் ஆடியவர்கள். அணித்தலைவி ஏப்ரல் ஹைன்ரிக்ஸும் அவர்களில் ஒருவர்.

இதை நம் ஊரோடு சேர்த்துப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது. 1977 ஆசியப் பெண்கள் கிண்ணத்தில் சிங்கப்பூர் மூன்றாம் இடம் பிடித்தது. சாப்பல் ஹில் அணி பிறப்பதற்கு இரண்டு ஆண்டு முன்னால்! நம் பெண்களிடம் குறை ஒன்றும் இல்லை. 17 வயதுக்குப் பிறகு அவர்களைத் தாங்கிப் பிடிக்க, முழுநேரக் கோச்சும் உபகாரச் சம்பளமும் கொடுக்க, ஒரு கல்லூரி இல்லை. இந்த விஷயத்தில் எனக்கு இன்றும் ஆதங்கம் உண்டு.

அந்தக் கோச் இந்தியாவில் பிறந்தவர் என்கிறார்களே?
*– வாசகர், புக்கிட் பாத்தோக்*

உண்மைதான். 1951-இல் பம்பாயில் பிறந்தார். அப்பாவுக்கு எண்ணெய் நிறுவனத்தில் வேலை என்பதால் நாடு நாடாக வளர்ந்த பிள்ளை.

பயிற்சியில் என் உயிர்த்தோழியை எதிர்த்து முழு வேகத்தில் ஆடினால் அவள் முகம் வாடிவிடுகிறது. அதனால் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆடுகிறேன். இது சரியா, டீச்சர்?
*– உயர்நிலை 2 மாணவி, செங்காங்*

சரியில்லை, கண்ணு. ஆனால் நீ கேட்டது நல்ல கேள்வி. சாப்பல் ஹில் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான்.

டோரன்ஸ் கவனித்ததும் இதைத்தான். நன்றாக ஆடும் பெண்கள்கூட, பயிற்சியில் தோழியைத் தோற்கடிக்கத் தயங்கினார்கள். அவர் அதட்டி மாற்றப் பார்க்கவில்லை. அதே பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து கோச் டீன் ஸ்மித், பயிற்சியில் ஒவ்வொருவரும் செய்வதை உதவியாளர்களை வைத்துக் குறித்துக்கொள்வார். டோரன்ஸ் அந்த முறையை எடுத்துக்கொண்டார். ஒருவருக்கு ஒருவர் மோதல், ஓட்டம், தலையால் முட்டுவது, கோல் அடிப்பது என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண். வரிசைப்படுத்தி எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒட்டிவிடுவார். இதற்கு ‘போட்டிக் கொப்பரை’, அதாவது போட்டி கொதிக்கும் அண்டா, என்ற பொருளில் ஒரு பெயரும் உண்டு.

இதனால் என்ன ஆனது? நீ உன் தோழியை வென்றால் அது அவள்மேல் உனக்குள்ள கோபம் இல்லை, அன்றைய பாடம் அவ்வளவுதான் என்று ஆகிவிட்டது. முழு மூச்சாக ஆடுவதற்கு எல்லாருக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. அவர்கள் ஆடிய ஆட்டமும் அப்படிப்பட்டதுதான். முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்றே பேர். பந்தைப் பறிகொடுத்த இடத்திலேயே எதிரணியை நெருக்கித் திரும்ப வாங்க வேண்டும். சோம்பேறிக்கு அதில் இடமில்லை.

நானும் எங்கள் பள்ளியில் சிறிய அளவில் இதைச் செய்து பார்த்தேன். அணிவகுப்புத் திடலில் இரண்டு கூம்பு வைத்து, ஒருவருக்கு ஒருவர், மூன்று நிமிடம். முடிவுகளை உடற்கல்வி அறைக்கு வெளியே ஒட்டுவேன். முதல் வாரம் இரண்டு பேர் அழுதார்கள். அப்புறம் அந்த இரண்டு பேர்தான் பள்ளி முடிந்ததும் கூம்பை எடுத்துக்கொண்டு முதலில் ஓடினார்கள். காலில் பந்தைப் பறித்தவுடன் ‘சாரி, சாரி’ என்று சொல்லும் பழக்கமும் மெல்ல நின்றது. நம் வீடுகளில் பெண்பிள்ளைகளுக்கு அதைச் சின்ன வயதிலேயே ஊட்டிவிடுகிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டோரன்ஸ் மதிப்பெண் போடுவதோடு நிற்கவில்லை. படிப்பு முடித்துப் போகும் ஒவ்வொரு மாணவியைப் பற்றியும், அவள் இந்த அணிக்கு என்ன கொடுத்தாள் என்று கடிதம் எழுதி, அணிக்கு முன்னால் வாசிப்பார். போட்டியும் பாசமும் ஒரே அணிக்குள் இருக்க முடியும். உன் தோழியிடம் போய், “இனிமேல் நான் முழு வேகத்தில் வருவேன், நீயும் வா” என்று ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிடு.

கல்லூரிக் கால்பந்தில் பெண்களுக்கு உபகாரச் சம்பளம் அதிகம், பையன்களுக்குக் குறைவாமே? இது அநியாயம் இல்லையா?
*– இரண்டு மகன்களின் அப்பா, ஜூரோங் வெஸ்ட்*

நீண்ட காலம் அப்படித்தான் இருந்தது. கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான முதல் டிவிஷனில் ஒரு பெண்கள் அணிக்கு 14 முழு உபகாரச் சம்பளம், ஆண்கள் அணிக்கு 9.9. ஆனால் கணக்கை முழுதாகப் பாருங்கள். அமெரிக்கன் ஃபுட்பால் என்ற ஒரே விளையாட்டில், பெரிய கல்லூரி ஒவ்வொன்றும் 85 ஆண்களுக்குக் கொடுத்தது. அதற்கு ஈடுகட்டத்தான் பெண்கள் கால்பந்துக்கு அதிகம் போனது. ஒரு திடல், பந்து, நிறைய வீராங்கனைகளுக்கு இடம் என்பதால் கல்லூரிகளும் விரும்பித் தொடங்கின. இன்று முதல் டிவிஷனில் மட்டும் 300-க்கும் மேற்பட்ட பெண்கள் அணிகள் இருக்கின்றன. உங்கள் மகன்களின் பங்கைப் பெண்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

வயதுப் பெண்களை ஆண் கோச்சிடம் விடலாமா?
*– பாட்டி, அங் மோ கியோ*

விடலாம் அம்மா, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. 1998-இல் டோரன்ஸ் மீதே முன்னாள் வீராங்கனைகள் இருவர் பாலியல் தொல்லை வழக்குப் போட்டார்கள். அவர் அதை மறுத்தார். பல்கலைக்கழகம் 2004-இல் ஒன்றையும் 2008-இல் மற்றதையும் சமரசத்தில் முடித்தது. மாணவிகளின் அந்தரங்கப் பேச்சில் தானும் கலந்துகொண்டது பொருத்தமற்றது என்று அவர் எழுத்தில் வருத்தம் தெரிவித்தார். கோப்பைகளைச் சொல்கிறவர்கள் இதையும் சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. பயிற்சிக்கு எப்போதும் இன்னொரு பெரியவர் கூட இருக்கிறாரா, கோச் பிள்ளைகளோடு தனியாகக் குறுஞ்செய்தியில் பேசுகிறாரா என்று கேளுங்கள். கேட்பதற்குச் சங்கடப்படாதீர்கள்.

இன்றும் அந்த அணிதான் முதலிடமா? உயர்நிலை 3 படிக்கும் என் மகள் அமெரிக்கக் கல்லூரியில் ஆட வழி உண்டா?
*– அம்மா, உட்லண்ட்ஸ்*

மற்றவர்கள் எட்டிப் பிடித்துவிட்டார்கள். 2012-க்குப் பிறகு ஃபுளோரிடா ஸ்டேட், ஸ்டான்ஃபோர்ட், யுசிஎல்ஏ என்று கோப்பை பல கைகளுக்குப் போனது. 2022 இறுதியாட்டத்தில் சாப்பல் ஹில் பெண்கள் 2-0 என்று முன்னிலையில் இருந்துவிட்டு, யுசிஎல்ஏ-யிடம் கடைசி நிமிடத்தில் சமநிலையாகி, கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். 2024 ஆகஸ்ட்டில், பருவம் தொடங்கச் சில நாள் இருக்கும்போது, டோரன்ஸ் ஓய்வு பெற்றார். தற்காலிகப் பொறுப்பேற்ற டேமன் நஹாஸோடு அதே ஆண்டு டிசம்பரில் வேக் ஃபாரஸ்ட்டை 1-0 என்று வென்று மறுபடியும் சாம்பியன்.

உங்கள் மகளுக்கு வழி உண்டு. நம் டேனெல் டான், ஜெர்மனியின் டோர்ட்மண்ட் அணிக்குப் போவதற்கு முன் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரிக்கு ஆடியவர்தான். சாப்பல் ஹில் ஒன்றையே குறிவைக்காமல் மூன்று டிவிஷன்களையும் பாருங்கள். மூன்றாம் டிவிஷனில் விளையாட்டுக்கென்று உபகாரச் சம்பளம் கிடையாது, ஹார்வர்ட், யேல் போன்ற ஐவி லீக் கல்லூரிகளிலும் கிடையாது. அங்கே படிப்பையும் குடும்ப வருமானத்தையும் பார்த்துத்தான் உதவி. ஆகவே பள்ளி இறுதித் தேர்வுக்காகப் பந்தையோ, பந்துக்காகத் தேர்வையோ விடச் சொல்லாதீர்கள். இரண்டும் வேண்டும்.

முழு ஆட்டங்களை இப்போதிருந்தே வீடியோ எடுத்து வையுங்கள். பள்ளி அணியோடு ஒரு கிளப்பிலும் சேர்த்துவிடுங்கள். கோச்சுகளுக்கு மின்னஞ்சலை மகளே எழுதட்டும். அப்பா, அம்மா எழுதினால் அவர்களுக்குப் பிடிக்காது. கால்பந்துப் பருவம் ஆகஸ்ட்டில் தொடங்குவதால், கடிதங்களை அதற்கு முன்பே அனுப்பிவிடுவது நல்லது.