நிரலில் தமிழ் எழுத்து: கேள்வி பதில்

கே: பைத்தானில் 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் 5 என்று வருகிறது. மூன்று எழுத்துதானே அண்ணா?

நீளம் சொல்லும் லென் செயல் எண்ணுவது குறியெண்களை, அதாவது யூனிகோடு ஒவ்வொரு குறிக்கும் கொடுத்த எண்களை. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி: ஐந்து. ஜாவாஸ்கிரிப்டும் 5 என்றே சொல்லும். யூடிஎஃப்-8 (யூனிகோடைப் பைட்டாக எழுதும் முறை) கோப்பில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15. ஸ்விஃப்ட் மொழியோ 3 என்று சொல்லும், ஏனென்றால் அது எழுத்துக் கொத்துகளை (எழுத்தும் அதன் குறிகளும் சேர்ந்தது ஒன்று) எண்ணுகிறது.

பைத்தானில் ஓப்பன்-தமிழ் நூலகத்தை நிறுவி, கெட்_லெட்டர்ஸ் செயலுக்குச் சரத்தைக் கொடுங்கள். எழுத்துப் பட்டியல் கிடைக்கும். ஜாவாஸ்கிரிப்டில் இன்டில்.செக்மென்டர் போதும். 'க்ஷ' மட்டும் இடறும்: யூனிகோடின் பொதுவிதி அதை க், ஷ என்று இரண்டாகப் பிரிக்கும். சொல் விளையாட்டு எழுதுகிறீர்கள் என்றால் அதை ஒன்றாக எண்ணுவதா இரண்டாகவா என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

கே: ரெஜெக்ஸில் (உரையில் வடிவம் தேடும் முறை) சொற்களைப் பிடிக்க பேக்ஸ்லாஷ் டபிள்யூ பிளஸ் போட்டால் சொற்கள் துண்டு துண்டாக வருகின்றன.

பைத்தானின் ஆர்ஈ தொகுதி உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்காது. 'தமிழ்' என்பது 'தம', 'ழ' ஆகிவிடும். ரெஜெக்ஸ் என்ற பெயரிலேயே தனித் தொகுதி இருக்கிறது. அதை நிறுவி இம்போர்ட் வரியை மாற்றுங்கள், பாட்டர்னைத் தொட வேண்டாம். ஜாவாஸ்கிரிப்டில் பேக்ஸ்லாஷ் டபிள்யூ ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர எதையும் பிடிக்காது. யூ கொடியோடு எல் (எழுத்து), எம் (சேர்குறி) என்ற யூனிகோடு வகைகளைச் சேர்த்துக் கேளுங்கள்.

கே: தரவுத்தளத்தில் சொல் கண்ணெதிரே இருக்கிறது, தேடினால் இல்லை என்கிறது. பைத்தியம் பிடிக்கிறது சார்.

திரையில் தெரிவதை விட்டுவிட்டு, ஆர்ட் செயலால் ஒவ்வொரு குறியெண்ணையும் அச்சிட்டுப் பாருங்கள். ஒகரக் குறி 3018 என்று ஒன்றாகவும் வரலாம், 3014-ம் 3006-ம் சேர்ந்து இரண்டாகவும் வரலாம். பார்வைக்கு ஒன்றேதான். யூனிகோடுடேட்டா தொகுதியின் நார்மலைஸை என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாக்கும்) வடிவத்தில் ஓட்டினால் சரியாகும். சேமிக்கும்போதும் ஓட்ட வேண்டும், தேடுசொல்லுக்கும் ஓட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஓட்டினால் பயனில்லை.

என்எஃப்சி தீர்க்காதது ஔகாரம். பலர் 'கௌரவம்' என்பதை எகரக் குறி போட்டு ளகரம் (2995) தட்டி 'கெளரவம்' என்று எழுதுகிறார்கள். யூனிகோடுக்கு அது வேறு சொல். எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் 'வெள்ளி', 'தெளிவு', 'கெளுத்தி' எல்லாம் நாசமாகும். ளகரத்துக்குப் பின் உயிர்க்குறியோ புள்ளியோ இருந்தால் தொடாதீர்கள். மிச்சத்தைப் பட்டியலாக எடுத்துக் கண்ணால் பார்த்துத்தான் திருத்த வேண்டும், குறுக்குவழி கிடையாது.

இவ்வளவுக்குப் பிறகும் கிடைக்கவில்லையா? 'ஸ்ரீ'யின் முதல் எழுத்து 3000-ஆ, 2998-ஆ என்று பாருங்கள். 'எ' என்ற எழுத்துக்குப் (2958) பதில் தமிழ் எண் ஏழு (3053) உட்கார்ந்திருக்கலாம். இணையத்திலிருந்து ஒட்டிய உரை என்றால் 8203, 8204 என்ற கண்ணுக்குத் தெரியாத குறிகளும் இருக்கும்.

கே: அகர வரிசைப்படுத்தினால் 'அனல்' 'அப்பம்'-க்கு முன்னால் வருகிறது.

தமிழுக்கான குறியெண்கள் இந்திய எழுத்துகளுக்கான 1988-ம் ஆண்டு இஸ்கி தரத்தின் அடுக்கை ஒட்டியவை. அங்கே ன, நகரத்துக்கு அடுத்து நிற்கிறது. ர-வுக்குப் பின் ற, ல, ள, ழ, வ. அதனால் பைத்தானின் சார்ட்டட் செயல் கொடுப்பது அறம், அலை, அழகு, அவல். நமக்கு வேண்டியது அலை, அவல், அழகு, அறம்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஐசியூ என்ற யூனிகோடு நூலகத்தின் தமிழ் கொலேஷனைக் (வரிசை விதி) கொடுத்தால் மெய்வரிசை சரியாகும். பைத்தானில் அதே நூலகத்தைப் பயன்படுத்த பைஐசியூ. நிறுவ முடியாத இடத்தில், 18 மெய்யையும் நீங்களே வரிசையாக எழுதி, ஜ, ஷ, ஸ, ஹ-வைக் கடைசியில் சேர்த்து, அந்த இட எண்களைச் சார்ட்டட்டின் கீ ஆகக் கொடுங்கள். புள்ளியெழுத்து முன்னா பின்னா என்பதில் எல்லா அகராதிகளும் ஒரே வழியில் போவதில்லை. ஒன்றைத் தேர்ந்து, கடைசிவரை அதையே பின்பற்றுங்கள்.

கே: பைத்தானின் பட நூலகமான பில்லோவால் படத்தில் எழுதினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது.

எழுத்துரு மேல் தப்பில்லை, அதை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். கொம்பை முன்னால் நகர்த்துவது ஷேப்பிங் வேலை. பில்லோவில் அதைச் செய்வது ராக்ம் என்ற நூலகம். ஃபீச்சர்ஸ் தொகுதியின் செக் செயலில் ராக்ம் என்று கேளுங்கள், பொய் என்று வந்தால் அது இல்லை. பிடிஎஃப் என்றால் எஃப்பிடிஎஃப்2 நூலகத்தில் டெக்ஸ்ட் ஷேப்பிங்கை இயக்க வேண்டும், அதற்கு யூஹார்ஃபஸ் தொகுதி தேவை. வீசிபிரிண்ட் என்ற இன்னொரு பிடிஎஃப் நூலகம், ஷேப்பிங்கையும் கவனிக்கும் பாங்கோவை நம்பி ஓடுவதால் அதில் இந்தத் தொல்லை இல்லை.

கே: கிட் ஸ்டேட்டஸில் தமிழ்க் கோப்புப் பெயர் 340, 256 என்று எண்ணாக வருகிறது.

கோர்.குவோட்பாத் அமைப்பை ஃபால்ஸ் ஆக்குங்கள். முடிந்தது.

கே: தரவுத்தளத்தில் பெயர் நெடுவரிசைக்கு அளவு 20 போதுமா?

'கிருஷ்ணமூர்த்தி'யை எண்ணுங்கள்: 8 எழுத்து, 15 குறியெண், 45 பைட். மைஎஸ்கியூஎல்லின் வார்ச்சார் 20-இல் அடங்கும், அது குறியெண்ணை எண்ணுகிறது. ஆரக்கிளின் வார்ச்சார்2 இயல்பாகப் பைட்டை எண்ணுவதால் 20-இல் ஆறு குறியெண்தான் பிடிக்கும். அளவோடு 'சார்' (கேரக்டரின் சுருக்கம்) என்ற குறிச்சொல்லைச் சேர்த்து எழுதுங்கள், அப்போது குறியெண்ணை எண்ணும். மைஎஸ்கியூஎல்லில் பழைய மூன்று பைட் யூடிஎஃப்8 தமிழுக்குத் தாங்கும், ஆனால் எமோஜிக்குத் தாங்காது. 2019-இல் யூனிகோடு 12 சேர்த்த பழந்தமிழ்ப் பின்னக் குறிகளுக்கும் தாங்காது, அவை நான்கு பைட். நான்கு பைட்டையும் தாங்கும் யூடிஎஃப்8எம்பி4 வையுங்கள்.